முடிதிருத்துபவரை விட்டுவிட்டீர்களே

நல்ல கட்டுரை. அருங்காட்சியக எலும்புகளை வைத்து ஆய்வாளர்கள் பறவைகளின் பரிணாமத்தைப் படிப்பதைச் சொன்ன கட்டுரையாளர், டோடோ (மொரீஷியஸில் வாழ்ந்து அழிந்துபோன, பறக்காத பறவை) என்றதும் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தோடு நின்றுவிட்டார். சரி, டி.என்.ஏ. எடுத்து, நிக்கோபார் புறாதான் அதற்கு நெருங்கிய சொந்தம் என்று 2002-இல் கண்டது அங்கிருக்கும் எலும்பிலிருந்துதான். ஆனால் ஒரே பறவையின், ஏறக்குறைய முழுமையான எலும்புக்கூடு எங்கள் மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறதே! சுமார் 1904-இல் லெ பூஸ் மலைப் பக்கம் அதைக் கண்டெடுத்தவர் பேராசிரியர் இல்லை. எத்தியேன் திரியூ என்ற முடிதிருத்துபவர்.

2017-இல் வெளிவந்த ஆய்வும் விட்டுப்போனது. 22 டோடோக்களின் எலும்பை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஆகஸ்ட் வாக்கில் முட்டை, குஞ்சு கிடுகிடுவென வளர்ச்சி, புயல் காலம் கழிந்து மார்ச் வாக்கில் இறகுதிர்ப்பு. ஜனவரியில் இங்கே கூரையைக் கட்டிவைப்பவர்களுக்கு அந்த அவசரம் புரியும்.

ஒருமுறை என் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை அந்த போர்ட் லூயிஸ் எலும்புக்கூட்டைப் பார்க்கக் கூட்டிப்போனேன். ஒரு சிறுமி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, சிறகெலும்பைத் தன் முழங்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். "சார், இவ்வளவுதானா?" பறக்கும் தசை ஒட்டுகிற மார்பெலும்பு முகடும் சிறுத்திருப்பதைக் காட்டி, துரத்த ஆளில்லாத தீவில் பறப்பானேன் என்றேன்.

"அப்போ கப்பல் வந்தப்போ?" என்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.