இலை கசந்தது, ரத்தம் உறையவில்லை

எங்கள் சித்தப்பாவைக் கண்ணாடிவிரியன் கடித்தது கடலை பிடுங்கும் சமயத்தில். கொடியை அள்ளும்போது கணுக்காலில் போட்டுவிட்டது. பக்கத்துத் தெருவில் விஷக்கடிக்கு மந்திரிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் வந்து சிறியாநங்கை இலையை மெல்லக் கொடுத்தார். விஷம் ஏறியிருந்தால் இலை இனிக்குமாம், இல்லையென்றால் கசக்குமாம். சித்தப்பாவுக்குக் கசந்தது. "விஷம் ஏறலை, பயப்படாதீங்க" என்றார். கால் அதற்குள் முழங்கால் வரை வீங்கியிருந்தது. ஈறில் ரத்தம் கசிந்த பிறகுதான் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே நர்ஸம்மா செய்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து நிறுத்திவைத்து, மணியைக் குறித்துக்கொண்டார். 20 நிமிடம் யாரும் அதை ஆட்டக் கூடாது. பிளாஸ்டிக் குழாய் ஆகாது, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது, முடிவு தப்பாகிவிடும். நேரம் முடிந்ததும் சாய்த்தார். கட்டியாக நின்றிருக்க வேண்டிய ரத்தம் தண்ணீர் போல ஓடியது. உடனே விஷமுறிவு மருந்து, முதலில் 10 குப்பி, ஏற்றினார்கள்.

சரி, இலையும் சோதனைதான், குழாயும் சோதனைதானே என்று கேட்கலாம். குழாய்க்கு ஓர் எல்லை உண்டு. நல்லபாம்பும் கட்டுவிரியனும் கடித்தால் விஷம் நரம்பைத்தான் தாக்கும். அப்போது ரத்தம் ஒழுங்காக உறைந்தாலும் நம்ப முடியாது, கண் இமை சரிகிறதா என்று பார்க்க வேண்டும். இதை மருத்துவர்களே சொல்கிறார்கள். இலை எங்கே தவறும் என்று சொல்ல ஆளே இல்லை.

பெரியவரிடம் பிறகு ஒருநாள் கேட்டேன். "எது நடந்தா உங்க வைத்தியம் பலிக்கலைன்னு ஒத்துக்குவீங்க ஐயா?" அவர் யோசிக்கவே இல்லை. "பாதி விஷத்தை நான்தான் எறக்கினேன், மீதிக்குத்தான் ஊசி" என்றார். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல, யாரிடமும் காசு வாங்கியதில்லை. அவரிடம் போனவர்களில் பெரும்பாலோர் பிழைத்தது உண்மை. சாரையும் தண்ணீர்ப்பாம்பும் கடித்தவர்கள் எப்படியும் பிழைப்பார்கள். விஷப்பாம்பே கூட சில சமயம் விஷத்தை இறக்காமல் கடித்துவிட்டுப் போகும். பிழைத்தவர் எல்லாம் மந்திரத்தின் கணக்கில், செத்தவர் விதியின் கணக்கில். இப்படிக் கணக்கு எழுதினால் எந்தக் காலத்திலும் நஷ்டம் தெரியாது.

இதற்கு 'நம்பிக்கை' என்று பெயர் வைத்து, கேள்வி கேட்காதே என்கிறபோதுதான் எனக்குக் கோபம் வருகிறது. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் சாகிறார்கள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பாலோர் கிராமத்தில், வீட்டிலேயே உயிரை விட்டவர்கள்.

நம்பிக்கை என்றால் எனக்கு இருளர்கள் ஞாபகம் வருகிறார்கள். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடுகிற மக்கள். அவர்கள்தான் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் வழியாக வடநெம்மேலியில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் விஷத்தையும் எடுத்துத் தருகிறார்கள். அதைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்புப் பொருளிலிருந்துதான் மருந்து தயாராகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கன்னியம்மன் அவர்களுடைய வேலையில் குறுக்கே வரவே இல்லை.

எங்கள் பாட்டியும் அப்படித்தான். சித்தப்பாவை உள்ளே கொண்டுபோனதும் மஞ்சள் துணியில் காசு முடிந்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். மருந்து ஏற்றி 6 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். 20 நிமிடமும் முந்தானையில் அந்த முடிச்சைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். கதவு திறந்ததும் பாட்டி முதலில் கேட்டது, "ஏம்மா, உறைஞ்சுதா?"