மாப்பிள்ளைச் சம்பாவுக்கு உயிர் மூன்று

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அரசலாற்றங்கரை ஊர், மாமா வீட்டுத் திண்ணை, ஆனி மாதத்து மதியம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி நானே ஒரு சீட்டு விளையாட்டு செய்திருந்தேன். காட்டுயானம், பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா மாதிரி நாட்டு நெல் ரகங்கள்தான் வீரர்கள், புகையான் பூச்சியும் வெள்ளமும் எதிரிகள். கரண்ட் போனதால்தான் மாமா விளையாடச் சம்மதித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாமா: சீட்டாட்டம் என்றாய், காசு எங்கே?

நான்: காசு கிடையாது மாமா. ஆளுக்கு 5 நெல். ஒவ்வொன்றுக்கும் 7 விஷயம் உண்டு. உயிர், பலம், தண்ணீர், உயரம், நாள், பூச்சி எதிர்ப்பு, வெள்ளம் தாங்குவது. அடி விழ விழ இதையெல்லாம் இந்த நோட்டில் எழுதி, அழித்து, எழுதிக்கொண்டே வர வேண்டும்.

மாமா: ஐயேழு 35, இரண்டு பேருக்கு 70. போன போகத்தில் மொத்த நடவுக் கூலிக் கணக்கையே நான் அரைப் பக்கத்தில் முடித்தேன்.

நான்: அதில் நாலு ஆளை விட்டுவிட்டீர்கள் என்று அத்தை சொன்னார்கள்.

மாமா: சீட்டைப் போடு.

(இரண்டே சுற்று. அழித்து அழித்துக் காட்டுயானத்தின் உயிர் இருந்த இடத்தில் நோட்டு ஓட்டையாகிவிட்டது. அங்கே இருந்தது 3 என்பது என் நினைவு, 8 என்பது மாமாவின் நினைவு. காட்டுயானம் மாமாவுடையது.)

நான்: சரி, நோட்டு வேண்டாம். இதோ 20 முகப் பகடை. மேலே எந்த எண் தெரிகிறதோ அதுதான் மிச்ச உயிர், அடி வாங்கினால் அடுத்த எண்ணுக்குத் திருப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான். தாயக்கட்டை மாதிரி உருட்டக் கூடாது.

மாமா: கொடு, பார்க்கிறேன். (உருட்டினார்.) 19!

நான்: மாமா, அது உயிர்! பேசி முடித்து 5 என்று வைத்திருந்தேன்.

மாமா: பிழைத்துக்கொண்டது. ஒரு மழை பெய்திருக்கும்.

பகடையைப் பிடுங்கிப் பையில் போட்டுவிட்டு, தட்டில் இருந்த வறுத்த கடலையை எடுத்தேன். ஒரு கடலை ஒரு உயிர், அடி விழுந்தால் ஒன்றை எடுத்துவிடலாம், எழுதவும் வேண்டாம் அழிக்கவும் வேண்டாம். நல்ல யோசனைதான், மாமாவுக்குப் பக்கத்தில் வைத்தது என் தப்பு.

நான்: என்ன மெல்லுகிறீர்கள்?

மாமா: கடலை.

நான்: அது என்னுடைய பூங்கார்!

மாமா: உப்பு கொஞ்சம் தூக்கல். அது கிடக்கட்டும், ஒன்று கேட்கிறேன். காட்டுயானம் எத்தனை நாள் பயிர்?

நான்: 180 நாள். பத்து நாளுக்கு ஒரு சுற்று என்று 18 சுற்று நின்றால்தான் அறுவடை. அறுபதாம் குறுவை என்றால் 6 சுற்றிலேயே வந்துவிடும்.

மாமா: 18 சுற்று உட்கார என் இடுப்பு ஒத்துக்கொள்ளாது, அது வேறு விஷயம். உள்ளே யானை நின்றால் தெரியாத உயரம், 180 நாள், எல்லாம் சீட்டிலேயே எழுதியிருக்கிறாய். மூன்று அடி வாங்கினால் அது 150 நாள் பயிராகிவிடுமா?

நான்: ஆகாது.

மாமா: குட்டையாகுமா?

நான்: ஆகாது மாமா.

மாமா: பூச்சி எதிர்ப்பும் வெள்ளம் தாங்குவதும் பிறவிக் குணம். அப்புறம் எதற்கு அதையெல்லாம் நோட்டில் வேறு எழுதிக்கொண்டு? திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் 170 ரகத்துக்கு மேல் தேடிச் சேர்த்தார். அத்தனைக்கும் நீ இப்படி 7 விஷயம் எழுதினால் கல்யாணப் பத்திரிகைக்காகவே ஊரில் இன்னும் நாலு கல்யாணம் நடக்க வேண்டும்.

(யோசித்தேன். ஒரு வாரமாக ராத்திரி கண் விழித்து நான் போட்ட அட்டவணையில் ஆட்டத்தின் நடுவே மாறுவது உயிரும் தண்ணீரும் மட்டும்தான். பலத்தைக்கூட அழகுக்காகத்தான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். இதை மாமாவிடம் ஒப்புக்கொள்ளவில்லை.)

மாமா: பரணில் உன் அத்தையின் பல்லாங்குழி இருக்கிறது, எடுத்து வா. ஒரு பக்கம் 7 குழி. 5 நெல்லின் உயிருக்கு 5 குழி, ஆறாவதில் தண்ணீர். புளியங்கொட்டை போடு, அதை நான் தின்ன மாட்டேன்.

நான்: ஏழாவது குழி?

மாமா: என் சீவலுக்கு.

அதற்குப் பிறகு ஆட்டம் ஓடியது. மேட்டூர் சீட்டு வந்தபோது மட்டும் ஒரு தகராறு.

நான்: ஜூன் 12, மேட்டூர் திறப்பு. பகடையில் 4-க்கு மேல் விழுந்தால்தான் தண்ணீர் வரும்.

மாமா: இந்தச் சீட்டை மட்டும் மாற்றாதே. அப்படியே இருக்கிறது.

(விழுந்தது 2. மாமா தலையில் கை வைத்துக்கொண்டார், விளையாட்டு என்பது மறந்தே போயிற்று. என் பக்கத்தில் மாப்பிள்ளைச் சம்பா மட்டும் மிச்சம். மாமா புகையானை இறக்கினார்.)

மாமா: மாப்பிள்ளைக்கு உயிர் மூன்றுதான் பாக்கி! இன்றைக்கு முடித்துவிடுகிறேன்!

(அடுப்படியிலிருந்து அத்தை கரண்டியோடு ஓடி வந்தார்கள். நான் முழுசாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இருவரையும் முறைத்துத் திரும்பிப் போனார்கள்.)

நான்: அடி எத்தனை?

மாமா: மூன்று. (களத்தில் மரக்கால் போடும் பழக்கத்தில், கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினார்.) லாபம், இரண்டு, மூன்று. முடிந்தது!

நான்: முதல் கொட்டையை எடுக்கும்போது என்ன சொன்னீர்கள்?

மாமா: லாபம். ஒன்று என்று சொல்லக் கூடாது, நெல்லை அளக்கும்போது முதல் மரக்கால் லாபம்தான்.

நான்: யாருடைய குழியில் எண்ணினீர்கள்?

மாமா: உன் குழியில்.

நான்: அப்படியானால் லாபம் எனக்குத்தானே? அதை அங்கேயே திருப்பிப் போடுங்கள்.

மாமா கொட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கரண்ட் வந்துவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.