புடாபெஸ்ட் காசில்லாதவர்களின் வியன்னா இல்லை

சனிக்கிழமை விருந்துக்கு வந்திருந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். வராதவர்களுக்கும் இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். லீவுக்கு வியன்னா போகலாமா, புடாபெஸ்ட் போகலாமா என்று ஒரு பெண் கேட்டாள். "கையில காசு இருந்தா வியன்னா போ, இல்லன்னா புடாபெஸ்ட் போ" என்று அண்ணன் சொன்னார், எல்லோரும் சிரித்தீர்கள். கேள்வி கேட்ட பெண் சிரிக்கவில்லை. அண்ணன் வீட்டுச் சாப்பாட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு அவரிடமே சண்டை போட எனக்கு மனம் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

புடாபெஸ்ட் காசில்லாதவர்களின் வியன்னா இல்லை. 1867இல் ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் ஒப்பந்தம் போட்டு இரட்டை முடியரசு ஆனபோது ஆஸ்திரியாவுக்கு வியன்னா தலைநகர், ஹங்கேரிக்கு பின்னாளில் புடாபெஸ்ட் ஆன ஊர். 1873இல் புடா, ஓபுடா, பெஸ்ட் மூன்றையும் சேர்த்து ஒரே நகரமாக்கினார்கள். 1896இல் ஆந்த்ராஷி சாலைக்குக் கீழே மின்சார ரயில் விட்டார்கள். ஐரோப்பாவின் பெருநிலத்தில் அதுதான் முதல் மின்சாரச் சுரங்க ரயில், இன்றைக்கும் ஓடுகிறது, நீங்கள் ஏறிப் போகலாம். அப்போது வியன்னாவில் நகர ரயிலே இன்னும் திறக்கவில்லை. இப்படி ஒரு ஊரைப் போய் மலிவு நகல் என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

வியன்னா எனக்குப் பிடிக்காது என்று இல்லை. ப்ரூகலின் 'பனியில் வேட்டைக்காரர்கள்' ஓவியத்தை நேரில் பார்க்க வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும். அதே அறையில் 'பாபேல் கோபுர'மும் இருக்கிறது, கிளிம்ட்டின் 'முத்தம்' பெல்வெதேர் அரண்மனையில். ஓபராவில் நின்றபடி பார்ப்பதற்கான டிக்கெட் மலிவுதான், அந்த விலைக்கு அப்படி ஓர் இசையை வேறு எங்கே கேட்பது? ஓவியத்திலும் மேற்கத்திய இசையிலும் மனம் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வியன்னா போகட்டும். குழந்தைகளோடு போகிறவர்களும்தான், 1752இல் தொடங்கிய மிருகக்காட்சிசாலை ஷோன்ப்ரூன் அரண்மனை வளாகத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஓவியத்திலோ ஓபராவிலோ நாட்டம் உண்டா என்று அன்றைக்கு யாராவது கேட்டீர்களா? அவள் சொன்னது "நடக்கணும், தண்ணி பக்கத்துல உட்காரணும், தூங்கணும்". மூன்று இரவு லீவு கிடைத்திருக்கிறது அவளுக்கு.

தண்ணீர் என்றால் புடாபெஸ்ட்தான். வியன்னாவின் பழைய நகரத்தில் டான்யூப் ஓடுவதில்லை, ஓரமாக ஒரு கால்வாய்தான் போகிறது. ஆற்றைப் பார்க்க மெட்ரோ ஏறிப் போக வேண்டும். புடாபெஸ்ட்டில் ஆறுதான் ஊரின் நடு. ஒரு கரையில் மலையும் கோட்டையும், மறு கரையில் 96 மீட்டர் உயரக் குவிமாடத்தோடு நாடாளுமன்றம். இரண்டாம் எண் டிராமில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் போதும், மொத்தமும் கண்ணெதிரே நகர்ந்து வரும். 1945 தொடக்கத்தில் ஜெர்மன் படை பின்வாங்கும்போது மிச்சமிருந்த பாலங்களையும் வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போனது. சங்கிலிப் பாலத்தை மறுபடி கட்டி, அது முதலில் திறக்கப்பட்ட 1849இலிருந்து சரியாக நூறாவது ஆண்டில் திறந்தார்கள். அந்தப் பாலத்தில் நடந்து போகும்போது இது யாருடைய நகல் என்று தோன்றும் ஒருவருக்கு?

அப்புறம் வெந்நீர்க் குளங்கள். அம்மா ஊரிலிருந்து வந்தபோது இரண்டு நகரத்துக்கும் கூட்டிப் போனேன். ஷோன்ப்ரூனில் காதில் ஒலிக்கருவியை வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தார். அவருக்கு முழங்கால் வலி. எல்லாம் நல்லாத்தான் இருக்கு, எங்கயாவது உட்கார இடம் இருக்கா என்று கேட்டுக்கொண்டே வந்தார். புடாபெஸ்ட் போனபோது, நீச்சல் உடை போட மாட்டேன் என்று காலையிலிருந்து ஒரே பிடிவாதம். கையும் காலும் மூடுகிற மாதிரி ஒன்று முன்னாடியே வாங்கி வைத்திருந்தேன். செச்செனி குளியல் மாளிகை 1913இல் திறந்தது. ஆயிரம் மீட்டருக்கும் கீழிருந்து எழுபது டிகிரிக்கு மேல் கொதிப்போடு வருகிற நீரை ஆறவைத்துக் குளங்களில் விடுகிறார்கள். வெளியே நல்ல குளிர், தண்ணீருக்கு மேலே ஆவி, இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு பெரியவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அம்மா இறங்கினார். அப்புறம் ஏறவே இல்லை. பக்கத்தில் இருந்த ஹங்கேரியப் பாட்டி தன் முழங்காலைத் தொட்டுக் காட்ட, அம்மாவும் தன் முழங்காலைத் தொட்டுக் காட்ட, ஒரு மொழியும் இல்லாமல் இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். "இதை விட்டுட்டு எதுக்குடி என்னை அரண்மனைக்கெல்லாம் கூட்டிட்டுப் போனே?" என்று கேட்டார். இதைத்தான் நீங்கள் காசில்லாதவர்களுக்கு என்கிறீர்கள்.

விலை என்று பார்த்தாலும் அந்தப் பேச்சு நிற்காது. செச்செனிக்கு உள்ளே போகவே ஹங்கேரிப் பணத்தில் பத்தாயிரம் ஃபோரிண்ட்டுக்கு மேல் ஆகிறது. நாடாளுமன்றத்தைச் சுற்றிப் பார்க்க ஐரோப்பியப் பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்குக் கட்டணம் அதிகம், நம்மில் பலர் அந்தக் கணக்கில்தான் வருவோம். அறையும் சாப்பாடும் வியன்னாவைவிடக் குறைவு, சரி. அதற்காக ஊரே குறைவாகிவிடுமா?

சைவத்துக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது என்று அன்றைக்கு இன்னொருவர் சொன்னார். வியன்னாவில் சுலபம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஃபோஸெலேக் என்று ஒன்று இருக்கிறது, பட்டாணி, பூசணி, உருளைக்கிழங்கு எதிலும் செய்வார்கள், நம்ம கூட்டு மாதிரியே இருக்கும். மேலே இறைச்சி வைக்க வேண்டாம், பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். புளிப்புச் செர்ரியில் குளிர்ந்த சூப் கொடுப்பார்கள், கோடையில் அதற்காகவே போகலாம்.

"இரண்டரை மணி நேர ரயில்தானே, ரெண்டையும் பாத்துடலாமே" என்பவர்களுக்கு. ரயில் இரண்டரை மணிக்குக் கொஞ்சம் கூடுதல். அதற்கு முன்னால் பெட்டி கட்ட வேண்டும், அறையைக் காலி செய்ய வேண்டும், ஸ்டேஷனுக்குப் போய்க் காத்திருக்க வேண்டும், இறங்கிய ஊரில் அறை தயாராகும்வரை பெட்டியை இழுத்துக்கொண்டு திரிய வேண்டும். மூன்று இரவில் ஒரு பகல் முழுக்க இதிலேயே போய்விடும். இரண்டு ஊரிலும் படம் எடுத்துக்கொண்டு வரலாம், இரண்டிலும் உட்கார முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அவளுக்கு அது புடாபெஸ்ட்.

எனக்கு உண்மையில் வலித்தது ஊரைப் பற்றிச் சொன்னது இல்லை. அவள் இங்கே மியூனிக்கில் நர்சிங் படித்துக்கொண்டே வேலை செய்கிறாள், உதவித்தொகையில் பாதி ஊருக்குப் போகிறது, அது அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த வார்த்தை வந்தது. நானும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு கோட்டு வாங்க எந்தக் கடைக்குப் போகலாம் என்று கேட்டு, "உனக்கு அந்தக் கடையெல்லாம் எதுக்கு" என்று பதில் வாங்கியவள். அப்போதும் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வேடிக்கையாகச் சொன்னதைப் பெரிதுபடுத்துகிறேன் என்று சொல்வீர்கள், சொல்லுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அவள் சமையலறையில் நின்று, "அக்கா, நான் எங்கயும் போகல, லீவுல வீட்லயே இருந்துக்கறேன்" என்றாள். இதை நீங்கள் யாரும் கேட்கவில்லை, நான் கேட்டேன்.

அண்ணா, நீங்கள் எத்தனையோ பேருக்கு உதவி செய்தவர், எனக்கும் செய்திருக்கிறீர்கள், அதை மறக்கவில்லை. அவளுக்கு ஒரு போன் செய்து நீங்களே பேசுங்கள். மியூனிக்கிலிருந்து புடாபெஸ்ட்டுக்கு நேரடி ரயில் இருக்கிறது, முன்னாடியே எடுத்தால் டிக்கெட் விலை குறையும், இந்த வாரத்துக்குள் அவள் முடிவு செய்தாக வேண்டும்.