நாட்டுச் சர்க்கரை போட்டால் சுகர் ஏறாதா?

“வெள்ளைச் சீனியை விட்டுட்டு நாட்டுச் சர்க்கரைக்கு மாறுங்க, சுகர்காரங்களும் எத்தனை டம்ளர் காபி வேணாலும் குடிக்கலாம்” என்று ஈரோடு, கோபிப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை பழனி பஞ்சாமிர்தத்துக்கே போகிற சரக்கு; ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் கொப்பரையில் கொதிப்பதும் அதே கரும்புப் பால்தானே? பாகு இறுகியதும் தேய்த்துப் பொடியாக்குகிறார்கள். சீனியில் இருக்கும் அதே இனிப்புப் பொருளான சுக்ரோஸ் எங்கும் போய்விடுவதில்லை. 100 கிராமில் சுமார் 380 கலோரி. சீனியிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரும்புச் சத்து கொஞ்சம் உண்டு, வாஸ்தவம்; காபிக்குப் போடும் ஒரு ஸ்பூனில் அது எம்மாத்திரம்? கருப்பட்டிக்கும் இதே கணக்குதான். (பளிச்சென்ற மஞ்சளில் இருந்தால் நிறத்தை வெளுக்க வைக்கும் ஹைட்ராஸ் என்ற ரசாயனம் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு, அது தனிக் கதை.)

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் “சீனியே தொடறதில்லைங்க” என்று மட்டும் சொல்லாமல், நாட்டுச் சர்க்கரை போடுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.