மார்க்கே இல்லாத ஒரு வரி

பத்தாவதுக்கு இங்கிலீஷ் எடுக்கிற டீச்சரா இதை எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு. தமிழ்நாடு பாடப்புத்தகத்துல முதல் பாடம் ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட், அயர்லாந்துக்காரர் லியாம் ஓ ஃப்ளாஹெர்ட்டி எழுதினது. பறக்கப் பயந்து பாறை விளிம்புலயே பட்டினியா நிக்கிற கடற்பறவைக் குஞ்சு, அம்மா மீன் துண்டோட கிட்ட வந்து குடுக்காம அந்தரத்துலயே நிக்கும், பசி தாங்காம இது பாயும், விழும், அப்புறம் ரெக்கை விரியும். எவ்ளோ நல்ல கதை! ஆனா இதைப் பிள்ளைங்க படிக்கிறதே இல்ல. கைடுல இருக்கிற பேராகிராஃப், மெல்லக் கற்போருக்கு பாஸாகுற அளவுக்கு மட்டும் சுருக்கின மினிமம் மெட்டீரியல், பத்து தடவ எழுதிட்டு வா, முடிஞ்சுது. நானும் பல வருஷம் அப்படித்தான் பண்ணேன், இப்ப நினைச்சா வருத்தமா இருக்கு.

இந்த வருஷம் புக்கை மூடச் சொல்லிட்டு முழுக் கதையையும் தமிழ்லயே சொன்னேன். சொல்லிட்டு "அந்த அம்மா செஞ்சது சரியா?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டேன், கிளாஸே ரெண்டாப் பிரிஞ்சு சண்டை, "பசிக்கிற பிள்ளைக்கு யாராவது அப்படிப் பண்ணுவாங்களா மிஸ்"னு ஒரு பக்கம், "அப்பதான் மிஸ் பறக்கும்"னு இன்னொரு பக்கம். சரி, இதையே இங்கிலீஷ்ல ஒரு வரி சொல்லுங்க, தப்பானாலும் பரவால்லன்னேன். ஸ்கூல் திறந்ததுலேருந்து வாயே திறக்காத ஒரு பொண்ணு எந்திரிச்சு "மதர் நோ கிவ் ஃபிஷ். பட் மதர் லவ்"ன்னா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அதை அப்படியே போர்டுல எழுதினேன், பக்கத்துல இருந்தவ "டிட் நாட் கிவ் மிஸ்"னா, அந்தப் பொண்ணே வந்து அழிச்சு மாத்தி எழுதினா. அந்த கிராமர் அவளுக்கு இனி மறக்காது.

ஆனா அந்த வரிக்கு பப்ளிக் எக்ஸாம்ல மார்க் கிடையாது. 2019-20லேருந்து ரெண்டு பேப்பரை ஒண்ணாக்கினாங்க, சுமை குறைஞ்சது உண்மைதான், நல்ல விஷயம். ஆனா 100 மார்க்கும் இன்னும் எழுத்துலதான். சினானிம், ஆன்டனிம், மெமரி போயம், லெட்டர்... புக்ல யூனிட்டுக்கு யூனிட் லிஸனிங், ஸ்பீக்கிங் பகுதி போட்டிருக்காங்க, பரீட்சையில வராதுன்னு நாமளே தாண்டிப் போயிடுறோம். சயின்ஸுக்கு 25 மார்க் ப்ராக்டிகல் வச்சிருக்கோம்ல, ஒரு மொழிக்கு வாய்தானே லேப்? ஒரு பத்து மார்க், ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிச்சு, அதைப் பத்தி ரெண்டு வார்த்தை சொந்தமாப் பேசுறதுக்கு வைக்கக் கூடாதா?

இங்கிலீஷ் பீரியட்ல தமிழ் பேசாதேன்னு மிரட்டுறதையும் தயவுசெஞ்சு நிறுத்துங்க. புரியாத கதையைப் பத்திப் பிள்ளை எந்த மொழியிலதான் என்ன பேசும்?

அதே புத்தகத்துல ஆறாவது யூனிட் தி லாஸ்ட் லெஸன். ஜெர்மனி பிடிச்சுக்கிட்ட பிரெஞ்சுப் பகுதியில, இனி பிரெஞ்சு சொல்லிக்குடுக்கக் கூடாதுன்னு பெர்லின்லேருந்து உத்தரவு வந்ததால, ஒரு வாத்தியார் கடைசியா எடுக்கிற பிரெஞ்சு வகுப்பு. அடுத்த வாரம் அதை எடுக்கப் போறேன், அன்னைக்கும் புக்கை மூடி வச்சிட்டுதான் ஆரம்பிப்பேன்.