கார்புரேட்டரைக் கூட்டினால் மட்டும் போதாது

1932 ஃபோர்டு காரின் ஃபிளாட்ஹெட் வி8 எஞ்சினுக்கு மூன்று ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர் போட்டால் வேகம் கூடும் என்கிறது உங்கள் கட்டுரை. பெட்ரோல் அழுத்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லையே! 97-க்கு அழுத்தம் 2.5 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) தாண்டக்கூடாது. இன்றைய எலக்ட்ரிக் பம்புகள் பலவும் 4-க்கு மேல் தள்ளும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வு மூடாமல் பெட்ரோல் வழியும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும். பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டில் கை வைக்கும் முன், அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரும் அதைக் காட்டும் கேஜும் மாட்டுங்கள்.

சூடேறினால் ரேடியேட்டரை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் புகை பிளாக்குக்கு (எஞ்சினின் வார்ப்பு உடலுக்கு) உள்ளேயே, குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் ஜாக்கெட் வழியாகத்தான் வெளியேறுகிறது. பழைய பிளாக்கில் அந்தத் தண்ணீர்ப் பாதையை வார்ப்பு மணலும் துருவும் அடைத்திருக்கும். முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் உண்டா என்று மேக்னஃபிளக்ஸ் (காந்தத்தால் விரிசல் கண்டுபிடிக்கும் சோதனை) பார்க்காமல், சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தும் போரிங்குக்குக் காசு கொடுக்காதீர்கள்.