பில்டு ஸ்கிரிப்ட் தொடங்கிய பிராசஸை அந்த ஸ்கிரிப்டே முடிக்க வேண்டும்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்தில் புரோகிராமிங் கற்கும் தம்பி தங்கைகளில் பலர் நான்கு ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினிகளில்தான் வேலை செய்கிறார்கள். அவர்களுக்காகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். எழுதிய நிரலை ஓடத் தயாராக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பில்டு வேலைகளைத் தானாக நடக்கும்படி அமைக்கும்போது, சைல்டு பிராசஸை, அதாவது நம் ஸ்கிரிப்ட் தொடங்கி ஓடவிடும் இன்னொரு புரோகிராமை, தொடங்கும் வரியைப் பாடங்களில் எளிதாகக் காணலாம். அதை ஒழுங்காக முடிக்கும் வரிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. முடிக்கும் வழி எழுதப்படாத பில்டு ஸ்கிரிப்ட், எவ்வளவு வேகமாக ஓடினாலும், அரைகுறையானது என்பதே என் உறுதியான கருத்து.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுக்குப் போகும் இளைஞர்கள் சிலரும் எங்களோடு சேர்ந்து, காற்று எச்சரிக்கையைத் தமிழில் காட்டும் சிறிய இணையப் பக்கம் ஒன்றை உருவாக்கினார்கள். கோப்பு மாறும் ஒவ்வொரு முறையும், பில்டு வேலைகளைத் தானாக ஓட்டும் கருவியான கல்ப், பழைய சர்வரை நிறுத்திவிட்டுப் புதியதைத் தொடங்க வேண்டும். ஆனால் போர்ட் (சர்வர் இணைப்புகளை ஏற்கும் எண்) ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற பிழைதான் திரும்பத் திரும்ப வந்தது. “அண்ணே, ரீஸ்டார்ட் பண்ணுனா சரியாயிரும்” என்றான் ஒரு தம்பி. சரியாகும்தான், காரணம் மட்டும் அப்படியே இருக்கும்.

ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் ‘கில்’ என்ற ஃபங்ஷன், பெயர் எப்படி இருந்தாலும், ஒரு சிக்னலை (இயக்குதளம் வழியாக பிராசஸுக்குப் போகும் சிறு அறிவிப்பை) அனுப்புவதோடு திரும்பிவிடுகிறது. அந்த பிராசஸ் முடியும்வரை அது காத்திருப்பதில்லை. ஆகவே பழைய பிராசஸின் ‘எக்ஸிட்’ நிகழ்வு வந்த பிறகே புதியதைத் தொடங்க வேண்டும். சில நொடிகளில் அது வராவிட்டால், மறுக்க முடியாத ‘சிக்கில்’ சிக்னலை அனுப்பலாம்.

இதைவிட ஆழமான சிக்கல், கட்டளை வரியைப் படித்து ஓட்டும் ஷெல்லில் இருக்கிறது. நோட்டின் ‘எக்ஸெக்’ ஃபங்ஷன் மூலம் கட்டளையை ஓட்டினால் நடுவில் ஒரு ஷெல் வருகிறது. நாம் அனுப்பும் சிக்னல் அந்த ஷெல்லுக்குத்தான் போகிறது. லினக்ஸில் ஷெல் இறந்தாலும் அதற்குக் கீழே ஓடும் சர்வர் இறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடலில் கைவிடப்பட்ட வலை கேட்பாரற்று மீனைப் பிடித்துக்கொண்டே கிடப்பதைப் போல, அந்த பிராசஸும் போர்ட்டையும் ரேமையும் பிடித்துக்கொண்டு கிடக்கும். எனவே, முடிந்தவரை ஷெல் இல்லாமல், ஆர்க்யுமென்ட்களைத் தனித்தனியாகக் கொடுத்து ‘ஸ்பான்’ ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். சைல்டு தனக்குக் கீழே வேறு பிராசஸ்களைத் தொடங்கும் என்றால், ‘டிடாச்டு’ அமைப்பால் அதை ஒரு தனிக் குழுவின் தலைமையாக்கி, அதன் பிராசஸ் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இட்டு முழுக் குழுவுக்கும் சிக்னல் அனுப்புங்கள். விண்டோஸில் இந்த முறை செல்லாது; அங்கே ‘டாஸ்க்கில்’ கட்டளையை, கீழ்மட்ட பிராசஸ்களையும் சேர்த்து முடிக்கும் தெரிவோடு அழைக்க வேண்டும்.

இந்தக் குறை ஏன் பலர் கண்ணில் படுவதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. டெர்மினலில் கன்ட்ரோல்-சி அழுத்தும்போது, முன்னால் ஓடும் குழு முழுவதற்கும் சிக்னல் போவதால், சைல்டுகளும் பெரும்பாலும் சேர்ந்தே முடிந்துவிடுகின்றன. வேறொரு கருவி நம் ஸ்கிரிப்டுக்கு மட்டும், முடியச் சொல்லும் ‘சிக்டெர்ம்’ சிக்னலை அனுப்பும்போதுதான் அவை அநாதையாகின்றன. ‘டிடாச்டு’ ஆக்கியவற்றுக்கோ கன்ட்ரோல்-சியும் எட்டாது. அதோடு, சிக்னலால் இறக்கும் நோட் பிராசஸில், அந்தச் சிக்னலுக்கு நாம் எதுவும் எழுதாதபோது, அதற்குள்ளேயே எழ வேண்டிய அதன் சொந்த ‘எக்ஸிட்’ நிகழ்வே எழுவதில்லை (மேலே சொன்னது, சைல்டைத் தொடங்கிய ஸ்கிரிப்டுக்கு வரும் நிகழ்வு). ஆகையால் கன்ட்ரோல்-சி அனுப்பும் சிக்னல், ‘சிக்டெர்ம்’ ஆகிய இரண்டையும் நாமே பிடித்து, சைல்டுகளை முடித்த பிறகுதான் வெளியேற வேண்டும்.

வெளியீட்டையும் கவனியுங்கள். ‘எக்ஸெக்’ வெளியீட்டை நினைவகத்தில் சேர்க்கிறது. இயல்பான வரம்பான ஒரு எம்பியைத் தாண்டினால் சைல்டை நிறுத்திவிடும். சைல்டின் வெளியீடு நமக்கு வந்து சேரும் பைப்பை யாரும் படிக்காமல் விட்டாலோ, அது நிரம்பியதும் சைல்டு உறைந்து நிற்கும். பில்டுக்கு, வெளியீடு நேரே டெர்மினலுக்குப் போகும் ‘இன்ஹெரிட்’ அமைப்பே எனக்குப் பிடித்தது.

கல்ப் டாஸ்க்கிலிருந்து சைல்டு பிராசஸையே ரிட்டர்ன் செய்யுங்கள். அப்போதுதான் அது முடியும்வரை கல்ப் காத்திருக்கும், பிழையைக் குறிக்கும், பூஜ்யம் அல்லாத எக்ஸிட் கோடு வந்தால் டாஸ்க்கைத் தோல்வியாகவும் கணக்கிடும். எங்கள் குழுவில் ஒரு ஸ்கிரிப்டைச் சேர்ப்பதற்கு முன் அதை ஓடவிட்டு, வேறொரு டெர்மினலிலிருந்து ‘சிக்டெர்ம்’ அனுப்பி, ஓடும் பிராசஸ்களைக் காட்டும் ‘பிஎஸ்’ பட்டியலைப் பார்க்கிறோம். அது தொடங்கிய நோட் பிராசஸ் ஒன்று மிச்சம் இருந்தாலும், எழுதியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.